ஒண்டும் சொல்லாட்டி எது?

ஹாஜறா: கையை எடுங்க கீபோட்டில இருந்து.

சுபாஸ்கரன்: எண்டர் தட்டுறது மட்டும்தான் பாக்கி ஹாஜறா.

ஹாஜறா: அதத்தான் செல்லுறன். தட்டாதீங்க. என்ன எழுதியிரிக்கீங்க எண்டு நான் பாக்கணும்.

சுபாஸ்கரன்: நேற்றுக் கதைச்சதுதான்.

ஹாஜறா: நேற்றுக் கதைச்சது 586 புரொசெசருக்கு. இதில 686 எண்டெல்லோ கிடக்கு.

சுபாஸ்கரன்: ...கை தவறியிருக்கும்.

ஹாஜறா: பதினொரு வருசமா கீபோட்டில வாழுற மனிசன். உங்கட கை தவறாது. வேணுமெண்டுதான் மாத்தியிரிக்கீங்க.

சுபாஸ்கரன்: சரி, வேணுமெண்டுதான். ரெண்டாயிரத்தொன்பது நடக்குது. இன்னும் ஆர் 586 எண்டு எழுதுறான்? உலகத்தில எல்லாரும்...

ஹாஜறா: உலகத்துக்கு நாம கொம்பைலர் கட்டல்ல. ஊர் ஊரா இரிக்கிற நம்மட ஒன்பது கொம்பியூட்டர் சென்டருக்குக் கட்டுறம். சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரன் தன்ட கந்தோரில கழிச்ச சாமானெல்லாம் கப்பல்ல ஏத்தி விட்டானே, அந்த மெஷினுகளுக்குக் கட்டுறம்.

சுபாஸ்கரன்: ஒன்பதில எட்டு, 686 எண்டா ஓடும்.

ஹாஜறா: மற்றது?

சுபாஸ்கரன்: மற்றது ஒண்டுதானே.

ஹாஜறா: ஒண்டுதான். நாவிதன்வெளி. அதில கிடக்கிறது பழைய புரொசெசர். 686க்கெண்டு ஆக்கின புரோகிராமை அதில போட்டா, சட்டத்துக்கு மாறான கட்டளை எண்டு ஒரு வரி எழுதிட்டு அப்பிடியே செத்துப் போயிரும். இத எனக்குப் படிப்பிச்சதே நீங்கதான்.

சுபாஸ்கரன்: படிப்பிச்சன், ஓம். இப்ப நேரம் ஒண்டரை. இதைக் கட்டி முடிய மூணு மணித்தியாலம். இடையில கரண்ட் போனா எல்லாம் திரும்ப முதல்ல இருந்து. பின்னேரம் அஞ்சுக்கு ஓட்டோ வந்திரும். நீங்க இதில நிண்டு...

ஹாஜறா: ஒரு எண்ணை மாத்த எத்தின மணித்தியாலம் வேணும்? தள்ளுங்க, நான் மாத்துறன்.

சுபாஸ்கரன்: ஹாஜறா, விடுங்க.

ஹாஜறா: நீங்க விடுங்க.

பக்கீர் முகைதீன்: என்ன புள்ள, டிஸ்க்கு முடிஞ்சா? ஓட்டோவை வெயில்ல போட்டுட்டு வாறன்.

ஹாஜறா: பக்கீர் காக்கா, அஞ்சு மணிக்கெண்டுதானே செல்லியிரிந்த.

பக்கீர் முகைதீன்: ஒண்டரைக்கு நான் வந்து நிண்டாத்தான் நீங்க ரெண்டு பேரும் அஞ்சுக்காவது முடிப்பீங்க. அதென்ன சண்டை? கீழ சைக்கிள் கடை வரைக்கும் கேக்குது.

சுபாஸ்கரன்: சண்டை ஒண்டும் இல்ல நானா.

ஹாஜறா: சண்டைதான் காக்கா. நீங்களே தீருங்க. வவுனியாவால வந்த ஆசுபத்திரி லிஸ்ட்டு தெரியும்தானே உங்களுக்கு?

பக்கீர் முகைதீன்: தெரியாம? வன்னிச் சண்டையில காயப்பட்டவங்க, மௌத்தானவங்க... எல்லாற்ற பேரும் கிடக்கெண்டு ஊர் முழுக்கக் கதை.

ஹாஜறா: அதேதான். அதை நான் கொம்பியூட்டர்ல அடிச்சு முடிச்சு ஒரு மாசமாகுது. பழைய தேடுற புரோகிராம் இவ்வளவு பேரைத் தாங்காது. புதுசு எழுதியாச்சு. ஆனா ஒவ்வொரு ஊரிலயும் பேரை ஒவ்வொரு விதமா எழுதுறாங்க. அந்தந்த சென்டர்ப் புள்ளைகள் தங்கட ஊர் வழக்கத்தையும் சேத்து, அங்கயே புரோகிராமைத் திரும்ப மெஷின்ட பாஷைக்கு மாத்தணும். மாத்துற சாமான்தான் இந்தக் கொம்பைலர்.

பக்கீர் முகைதீன்: சரி, மாத்தட்டுமே.

ஹாஜறா: மாத்தக்க எந்தப் புரொசெசருக்கு எண்டு செல்லணும். அங்க இரிக்கிற புள்ளைகள் ஒண்டும் செல்ல மாட்டாங்க. அவங்களுக்கு அது தெரியா. ஒண்டும் செல்லாட்டி எதை எடுக்கணும் எண்டு நாம இப்பவே இதுக்குள்ள எழுதி வைக்கணும். கட்டி முடிச்சா முடிச்சதுதான்.

பக்கீர் முகைதீன்: விளங்கிட்டு. கிட்டங்கி ரோட்டுக்கு மேலால ஆத்துத் தண்ணி பாயுற நாளில லொறி போகும், என்ட ஓட்டோ போகாது. அது மாதிரி.

ஹாஜறா: அச்சொட்டா அதுதான். சேர் இப்ப லொறிக்கு மட்டும் பாதை போடுறார்.

பக்கீர் முகைதீன்: அப்ப நாவிதன்வெளிக்காரனுக்கு?

ஹாஜறா: நாவிதன்வெளிக்காரன் இக்கரையில நிப்பான்.

பக்கீர் முகைதீன்: அதெப்பிடிச் சேர்? உங்கட உம்மாவும் அங்கதானே, தங்கச்சி வீட்டில. நேத்தும் கண்டன். சென்டர் வாசல்ல ஏழெட்டுப் பொண்டுகள், நடுவில அவ. "லிஸ்ட்டு எப்ப தம்பி வரும்" எண்டு கேட்டா. இண்டைக்குப் பின்னேரம் நானே கொண்டு வாறன் எண்டு வாக்குக் குடுத்துட்டன்.

சுபாஸ்கரன்: ஆர் உங்களை வாக்குக் குடுக்கச் சொன்ன?

பக்கீர் முகைதீன்: ...என்ன சேர், வயசு போன மனிசி கேக்கிறா. வாயைப் பொத்திக்கொண்டு வாறதா?

சுபாஸ்கரன்: நீங்க ஓட்டோ ஓடுங்க நானா. மற்றதுகளை நாங்க பாக்கிறம்.

ஹாஜறா: காக்கா, கீழ போய் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வாங்க. நான் கூப்பிடுறன்.

பக்கீர் முகைதீன்: குடிக்கிறன், குடிக்கிறன். என்னமோ இண்டைக்குச் சேருக்குச் சூடு கூட.

ஹாஜறா: ...என்ன பேச்சு அது? உங்களுக்காக எத்தின நாள் காசு வாங்காம ஓடின மனிசன்.

சுபாஸ்கரன்: தெரியும். பிறகு மன்னிப்புக் கேக்கிறன். இப்ப எண்டரைத் தட்டுவமா?

ஹாஜறா: ஏன் 686 எண்டு காரணம் செல்லுங்க. விளங்கினா நானே தட்டுறன்.

சுபாஸ்கரன்: வேகம்.

ஹாஜறா: எவ்வளவு வேகம்?

சுபாஸ்கரன்: கொஞ்சம்...

ஹாஜறா: முந்தநாள் நாம ரெண்டு பேரும் இருந்து அளந்தம். எல்லாப் பேரையும் ஒண்டாத் தேடுற ஒரு நிமிச வேலையில மூணு செக்கன்தான் மிச்சம். மூணு செக்கனுக்கு ஒரு ஊரை விடுறதா?

சுபாஸ்கரன்: எட்டு இடத்தில மூணு மூணு செக்கன்.

ஹாஜறா: அதுக்கும் வழி இரிக்கி. ஆர்ச் எண்டு ஒண்டு, டியூன் எண்டு ஒண்டு. ஆர்ச் எண்டா, இதுக்குக் குறைஞ்சவன் உள்ள வராத எண்டு போடுற கோடு. டியூன் எண்டா, எல்லாரும் வரலாம், ஆனா கதிரையை இன்னாருக்கு வசதியாப் போடு. ஆர்ச்சை 586 ஆக்குங்க. டியூனை 686க்கு விடுங்க. மூணு செக்கன்ல ரெண்டு திரும்பி வந்திரும். ஆரும் வெளியில நிக்கத் தேவையில்ல.

சுபாஸ்கரன்: யோசிக்கிறன்.

ஹாஜறா: இத யோசிக்கிற ஆள் நீங்க இல்ல. இது உங்கட யோசனை. போன மாசம் நீங்கதான் வெள்ளைப் பலகையில எழுதினீங்க. அந்தா, அழியாமக் கிடக்கு.

சுபாஸ்கரன்: வேணுமெண்டா நாவிதன்வெளி சென்டர்ப் பிள்ளை யதுசா அங்க வச்சுக் கையால 586 எண்டு அடிச்சுக்கொள்ளட்டும். டிஃபோல்ட்டை நாம ஏன்...

ஹாஜறா: சும்மா கதைக்காதீங்க. கொம்பைலரோட கூட வாற லைப்ரரியெல்லாம் எதில கட்டுப்படும்? டிஃபோல்ட்டில. யதுசா மேல என்னத்தை அடிச்சாலும் உள்ளுக்க 686தான் கிடக்கும். அந்தப் புள்ளை ராவு பகலா இருந்து தலையைப் பிச்சுக்கொள்ளும், தான்தான் பிழை விட்டதெண்டு.

சுபாஸ்கரன்: அப்ப அந்த மெஷினைத் தூக்கிப் போடுவம். புதுசு ஒண்டு குடுப்பம்.

ஹாஜறா: எப்ப?

சுபாஸ்கரன்: வரும்.

ஹாஜறா: எப்ப வரும் எண்டு கேட்டன்.

சுபாஸ்கரன்: ஒரு... ரெண்டு மாசத்தில. கொஞ்சம் பொறுத்தா என்ன? எல்லாத்துக்கும் அவசரம், எல்லாத்துக்கும். லிஸ்ட்டு ஓடியா போகப்போகுது?

ஹாஜறா: எழும்பி எழும்பி நடக்காதீங்க. யூபிஎஸ் வயர் காலுக்க கிடக்கு. இருங்க.

சுபாஸ்கரன்: இருக்கேலாம இருக்கு.

ஹாஜறா: உங்களுக்கு ஒரு கதை செல்லவா?

சுபாஸ்கரன்: இப்பவா?

ஹாஜறா: இப்பதான். எங்கட வீட்டு மூத்தவ ஸம்ஸியா ராத்தா, சுனாமியில போனவ... தெரியும்தானே. மூணு வருசம் எங்கட உம்மா வாசல் கதவுக்குக் கொண்டி போடல்ல. ராத்தா ராவையில வந்தா தட்டிக்கொண்டு நிப்பாளாம். மழைக்கு நாய் வந்து உள்ள படுக்கும், போடமாட்டா.

சுபாஸ்கரன்: சொல்லியிருக்கீங்க.

ஹாஜறா: மிச்சத்தைச் செல்லல்ல. ராத்தாவை மையவாடியில அடக்கினதை எங்கட மாமா ஒருத்தர் கண்ணால கண்டவர். மூணாம் நாளே அவருக்குத் தெரியும். உம்மா தாங்கமாட்டா எண்டு அவர் செல்லல்ல. மூணு வருசம். செல்லின அண்டைக்கு உம்மா அழல்ல சுபாஸ்கரன். எழும்பிப் போய்க் கதவுக்குக் கொண்டியைப் போட்டா. மாமாவோட அதுக்குப் பிறகு கதைக்கிறல்ல, இண்டு வரைக்கும்.

சுபாஸ்கரன்: ...இத ஏன் எனக்குச் சொல்லுறீங்க?

ஹாஜறா: சும்மாதான். உம்மாவைப் பத்திக் கதை வந்திச்சு, செல்லினன். உங்கட அம்மா எப்பிடி இரிக்கிறா?

சுபாஸ்கரன்: இருக்கிறா.

ஹாஜறா: சாப்பிடுறாவா?

சுபாஸ்கரன்: மீன் தொடுறா இல்ல. ஒரு மாசமாச்சு. தங்கச்சி சுலோஜனா கும்பிளாவைப் பொரிச்சு முன்னால வச்சாலும் தள்ளி விடுறா. தம்பி வன்னியால வந்து சேரணும் எண்டு நேத்தி வச்சிருக்கிறாவாக்கும். நான் கேக்கவும் இல்ல.

ஹாஜறா: நேத்தி எண்டா கோயிலுக்குப் போவாவே. உங்கட காரைதீவு அம்மனுக்குக் குளிர்த்தித் திருவிழா முடிஞ்சு பத்து நாளும் இல்ல. போனாவா?

சுபாஸ்கரன்: போகல்ல. நாற்பது வருசத்தில இந்த முறைதான் போகல்ல. அம்மனோடயும் கோவம்போல. ஏன், இதெல்லாம் துருவித் துருவிக் கேக்கிறீங்க?

ஹாஜறா: கேக்கப்படாதா?

சுபாஸ்கரன்: கேளுங்க, கேளுங்க. நாளைக்குச் சோத்துக்கு வரச் சொல்லியிருக்கிறா. விடிய வெள்ளனவே வந்திரணுமாம். முறுக்கும் பயத்தம் உருண்டையும் சுடுறாவாம். ஆருக்குப் பிடிச்சது தெரியுமா அது? எனக்கில்ல. தம்பி நிதர்சனுக்கு. அவனுக்குப் பயத்தம் உருண்டை எண்டா உயிர். டின்னோட தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரையில இருந்து திண்டிட்டு வருவான்...

ஹாஜறா: ம்.

சுபாஸ்கரன்: அவன் வாறானெண்டு நினைச்சுச் சுடுறா ஹாஜறா. சண்டை முடிஞ்சுது, பிள்ளையள் ஒவ்வொண்டா வருதுகள், என்ர பிள்ளையும் வருவான் எண்டு. நான் நாளைக்கு அதுக்கு முன்னால இருந்து எப்பிடித் தின்னுறது?

ஹாஜறா: ஏன் தின்னேலாது?

சுபாஸ்கரன்: ...ஒண்டும் இல்ல. விடுங்க.

ஹாஜறா: விடமாட்டன்.

சுபாஸ்கரன்: பதினாலாம் பக்கத்தை ஆர் அடிச்ச?

ஹாஜறா: என்ன?

சுபாஸ்கரன்: லிஸ்ட்டில பதினாலாம் பக்கம். நீங்கதானே அடிச்ச?

ஹாஜறா: எல்லாப் பக்கமும் நான்தான். கை அடிக்கும். கண் வாசிக்கிறல்ல. வாசிச்சா அடிக்கேலுமா அதெல்லாம்?

சுபாஸ்கரன்: அப்ப நீங்க பாக்கல்ல.

ஹாஜறா: நீங்க என்னத்தைப் பாத்தீங்க?

சுபாஸ்கரன்: போன வியாழக்கிழமை எல்லாப் பக்கத்தையும் ஒண்டாச் சேத்தன். புரோகிராம் சரியா வேலை செய்யுதா பாப்பமெண்டு ஒரு பேரைப் போட்டன். சோதிக்கத்தான். எந்தப் பேரைப் போடுறது? வாயில வந்த பேர்... அருளம்பலம் நிதர்சன். இருபத்தொரு வயசு, காரைதீவு. இடது முழங்கையில தீக்காயத் தழும்பு. அது நான் சின்னனில கொள்ளிக்கட்டையால சுட்டது. பேருக்கு நேரே எழுதிக் கிடக்கு. கொண்டு வரக்கயே உயிர் இல்ல எண்டு. புரோகிராம் நல்லா வேலை செய்யுது ஹாஜறா. ஒரு செக்கன்கூட எடுக்கல்ல.

ஹாஜறா: தண்ணி குடிங்க.

சுபாஸ்கரன்: வேணாம். இப்ப விளங்குதா? நாவிதன்வெளியில இது ஓடினா அம்மா முதல் ஆளாப் போய் இருப்பா. யதுசா பேரைப் போடுவாள். அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, எல்லாற்ற முன்னாலயும் வாசிப்பாள். மற்ற எட்டு இடமும் அம்மாக்குத் தூரம், பஸ் ஏறிப் போகமாட்டா. ஒரு மெஷின், ஒரே ஒரு மெஷின் நிண்டா... கொஞ்ச நாள் கிடைக்கும்.

ஹாஜறா: அதுக்கு மெஷினைக் கொல்லணுமா? லிஸ்ட்டில இருந்து அந்தப் பேரை எடுத்திருக்கலாமே. உங்களுக்கு அது ஒரு நிமிச வேலை.

சுபாஸ்கரன்: எடுத்தன்.

ஹாஜறா: எடுத்தீங்களா?

சுபாஸ்கரன்: எடுத்தன். திரும்பப் போட்டன். திரும்ப எடுத்தன். பிறகு கை ஏவல்ல. இந்த உலகத்தில அவன் இருந்ததுக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். அதையும் நானே அழிக்கிறதா?

ஹாஜறா: அப்ப அந்த வரியை விட்டுட்டு ஊரையே அழிச்சிட்டீங்க.

சுபாஸ்கரன்: ஓம். பிழைதான். எனக்குத் தெரியும் பிழையெண்டு. அங்க வாற மற்றப் பொண்டுகளுக்கு நான் செய்யுறது அநியாயம். நாலு நாளா நித்திரை இல்ல. உங்கட மாமாவைப் போலதான் நானும். ஏசுங்க.

ஹாஜறா: ஏசல்ல.

சுபாஸ்கரன்: அம்மாட முகத்தைப் பாத்துச் சொல்லுற பலம் எனக்கில்ல ஹாஜறா. சுனாமிக்கு வீடு போச்சு, அப்பா போனார். அப்ப எனக்கு எல்லாம் செய்தது அம்மா. இப்ப நான் என்னத்தைச் செய்ய?

ஹாஜறா: ஆறை அஞ்சாக்குங்க.

சுபாஸ்கரன்: நான் என்ன சொல்லுறன், நீங்க என்ன...

ஹாஜறா: அம்மா மீனை விட்டு எத்தின நாள் எண்டீங்க?

சுபாஸ்கரன்: ஒரு மாசம்.

ஹாஜறா: சரியா எண்ணுங்க. நீங்க டிஸ்க்கு வாங்க மட்டக்களப்புக்குப் போன அண்டையில இருந்து.

சுபாஸ்கரன்: அண்டையில இருந்து... இண்டைக்கு முப்பது. ஏன்?

ஹாஜறா: நாளைக்கு?

சுபாஸ்கரன்: நாளைக்கு முப்பத்தொ... ஹாஜறா.

ஹாஜறா: நான் காரைதீவுக்குப் பக்கத்து ஊரில பொறந்தவள். உங்கட ஆக்கள் செத்த வீட்டில முப்பத்தொண்டு கழியும் வரைக்கும் மீன் தொடுறல்ல, கோயில் வாசலை மிதிக்கிறல்ல எண்டு எனக்கே தெரியும். அது நேத்தி இல்ல. துடக்கு.

சுபாஸ்கரன்: ...ஆர் சொன்ன அம்மாக்கு?

ஹாஜறா: ஆரும் செல்லல்ல. நீங்க மட்டக்களப்புக்குப் போனது தெரியாம, உங்களுக்குச் சோத்துப் பொதி கொண்டு வந்தா. இந்தா, இந்தக் கதிரையிலதான் இருந்தா. நான் பதினாலாம் பக்கம் அடிச்சுக்கொண்டிருந்தன். கண் வாசிக்கிறல்ல எண்டு செல்லினது பொய். நடுவில என்ட கை நிண்டு போச்சு. "ஏன் மகள் நிப்பாட்டிட்டீங்க" எண்டு கேட்டா. நான் வாயைத் திறக்கல்ல. அவ என்ட முகத்தைப் பாத்தா, அவ்வளவுதான். பின்னேரம் அஸர் பாங்கு செல்லும் வரைக்கும் என்ட மடியில கிடந்தா.

சுபாஸ்கரன்: ஒரு மாசம்... ஒரு மாசமா என்னோட போன்ல சிரிச்சுக் கதைச்சாவே.

ஹாஜறா: "மூத்தவன் தாங்கமாட்டான் மகள், முப்பத்தொண்டு அண்டைக்கு சின்னவனுக்குப் படைச்சிட்டு நானே சோறு போட்டுச் சொல்லுறன், அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க" எண்டு கையைப் பிடிச்சு வாக்கு வாங்கினா. ஒரு நாள் மிச்சம் கிடக்க நான் உடைச்சிட்டன். நாளைக்கு நீங்க தெரியாத மாதிரிப் போய் இருங்க. அவ செல்லட்டும்.

சுபாஸ்கரன்: அப்ப தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு நாளும் அந்த சென்டர் வாசல்ல போய் நிக்கிறா? லிஸ்ட்டு எப்ப, லிஸ்ட்டு எப்ப எண்டு ஏன் கேக்கிறா?

ஹாஜறா: பதினாலாம் பக்கத்தில நாவிதன்வெளிப் பேர் இன்னும் நாலு கிடக்கு சுபாஸ்கரன். அவ அண்டைக்கே என்னைக் கொண்டு வாசிப்பிச்சுக் கேட்டா. நாலு தாய்மாரும் அவக்குத் தெரிஞ்ச ஆக்கள். "லிஸ்ட்டு வாற நேரம் அதுகள் தனிய இருந்து பாக்கப்படாது மகள், எனக்கு நீங்க இருந்த மாதிரி நான் பக்கத்தில இருக்கணும்" எண்டா. அதுக்குத்தான் நிக்கிறா. காக்கா படியேறி வாற சத்தம் கேக்குது, முகத்தைத் துடைச்சிட்டு 586 எண்டு அடிங்க.